பட்டியும் பாலும் எச்.ஐ.வி.யும்: கொங்கு மேய்ச்சல் ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம், தாராபுரம் வட்டாரத்தில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் எச்.ஐ.வி. பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் சத்தமாகக் கேட்கப்படுவதில்லை. சந்தையில், பால் சொசைட்டித் திண்ணையில், எழவு வீட்டுப் பந்தலுக்கு வெளியே காதோடு காதாகக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளை விட்டிருக்கிறேன். பதில் தெரியாத பயத்தால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நோவு கண்ட ஆட்டைப் பட்டியிலிருந்து பிரிச்சுக் கட்டறோம். மனுசனுக்கு மட்டும் அது தப்புங்களா?

நேர்மையான கேள்வி. நம் ஊர்களில் எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்குவதற்குக் கெட்ட மனசு மட்டும் காரணமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்டம்பாடி, அதாவது ஆடு மாடு, வளர்த்த அறிவும் ஒரு காரணம். கோமாரி கண்ட மாட்டைத் தனியாகக் கட்டாவிட்டால் கட்டுத்தரை முழுவதும் பரவும். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு பட்டிக்குள் நுழைந்தால் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, நோய் என்றாலே பிரித்து வை என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த நோய்கள் எச்சில், மூக்குச்சளி, மூச்சுக்காற்று, பொதுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றால் பரவுகின்றன. எச்.ஐ.வி. இவை எவற்றாலும் பரவாது. அது போகும் வழிகள் சில மட்டுமே: ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றுவது, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்குப் போவது. ஒரே திண்ணையில் படுத்து, ஒரே தட்டத்தில் உண்டு, ஒரே கிணற்றில் குளித்து முப்பது வருசம் வாழ்ந்தாலும் வராது. கோமாரிக்குச் சரியான அறிவு எச்.ஐ.வி.க்குப் பொருந்தவில்லை. பிரித்து வைப்பதால் தடுக்கப்படும் நோய் எதுவும் இங்கே இல்லை. கெடுவது ஒரு மனிதரின் வாழ்க்கை மட்டும்தான்.

ஏனுங்க, அவரு கறந்த பாலைக் குடிக்கலாமுங்களா? சொசைட்டியில வேண்டாங்கறாங்க.

குடிக்கலாம். கறப்பவரின் கையிலிருந்து பாலுக்கு எச்.ஐ.வி. போகாது. விரலில் வெட்டுக்காயம் இருந்து ஒரு துளி ரத்தம் விழுந்திருந்தால்கூட, உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி வலுவிழந்துவிடும். பாலைக் காய்ச்சினால் மிச்சமும் இருக்காது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்தக் கிருமி தொற்றுவதில்லை, அதனால் மாட்டின் வழியாக நமக்குத் திரும்பி வரும் என்ற பேச்சே இல்லை.

சொசைட்டியில் ஒரு வீட்டுப் பாலை மறுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். மேய்ச்சல் குடும்பத்துக்குத் தினசரி கையில் புரளும் காசு அதுதான். மருந்து வாங்கப் போகும் பஸ் செலவும் அதிலிருந்துதான் வரவேண்டும். பாலை மறுத்தவர் மருந்தையும் சேர்த்தே மறுத்துவிடுகிறார்.

கொசு, உண்ணி கடிச்சா?

வராது. கொசுவின் உடம்புக்குள் எச்.ஐ.வி. பெருகுவதில்லை. உண்ணியாலும் பரவுவதில்லை.

ஆடு குட்டி போடறப்ப கை உட்டு எடுக்கறாரு, ஊசி போடறாரு, மயிர் கத்திரிக்கிறாரு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?

ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது ஆட்டுக்காரருக்காக, அதுவும் வேறு காரணத்துக்காக. எச்.ஐ.வி. இருந்தும் சிகிச்சை தொடங்காதவருக்கு, அல்லது மருந்தை நிறுத்திவிட்டவருக்கு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். கருச்சிதைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தொடுவதாலும், காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் வரும் புரூசெல்லா காய்ச்சல், கழிச்சல் கண்ட கன்றுக்குட்டியிடமிருந்து தொற்றும் வயிற்றுப்போக்கு போன்றவை அப்படிப்பட்டவரை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

அதற்காக அவரைப் பட்டியை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஈற்றுப் பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்ளட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும். பாலைக் காய்ச்சிக் குடிக்கட்டும். இது எச்.ஐ.வி. இல்லாத எல்லாருக்கும் பொருந்தும் பழக்கம்தான். புரூசெல்லா வந்து மாதக்கணக்கில் மூட்டுவலியோடு கிடந்த ஆரோக்கியமான ஆட்டுக்காரர்களும் உண்டு.

கால்நடைக்குப் போட்ட ஊசியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மனிதருக்குப் போடாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டாச் சரியாயிருமுங்களா?

உடம்பை விட்டுக் கிருமியை முழுவதுமாக விரட்டும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்து நன்றாகவே இருக்கிறது. ஏ.ஆர்.டி. எனப்படும் அந்தக் கூட்டு மருந்தை அரசு 2004 ஏப்ரல் முதல் இலவசமாகக் கொடுக்கிறது. தொடக்கத்தில் கொடுத்த இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அப்போது எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, அதாவது சி.டி.4, நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து தொடங்குவார்கள். 2017-லிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை. பரிசோதனையில் உறுதியானதும் மருந்து தொடங்கலாம். இப்போது பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அதை ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிட வேண்டும்; நேரத்தையோ அளவையோ மாற்றிக் கொடுப்பார்கள்.

தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியின் அளவு குறைந்துகொண்டே வந்து, பரிசோதனையில் கண்டறிய முடியாத நிலைக்குப் போகும். அந்த நிலையைத் தக்கவைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இந்தச் செய்தி நம் ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 1990-களில் சுவரில் எழுதிய 'உயிர்க்கொல்லி நோய்' என்ற சொல்தான் இன்னும் மனதில் இருக்கிறது. எலும்புக்கூடு படம் போட்ட அந்தக் காலப் பிரசாரம் எச்சரிக்கையைவிடப் பயத்தைத்தான் அதிகம் விதைத்தது என்பது என் கருத்து.

பட்டி போடப் போனா வாரக்கணக்குல ஊட்டுக்கு வரமாட்டோம். மாத்திரையை எப்படிச் சாப்பிடறது?

அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுப்பட்டி போட்டு எருவுக்காகக் கிடைவைக்கப் போகிறவர்கள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். படலும் வலையும் தோளில், படுக்கை ஆடுகளோடு. இவர்கள் மாத்திரையைத் தவறவிடுவதற்குத் தூரம் காரணம் என்றுதான் மருத்துவமனையில் நினைக்கிறார்கள். தூரத்துக்கு வழி இருக்கிறது. உடல்நிலை சீராக உள்ளவர்களுக்குச் சில மாதத்துக்கான மருந்தைச் சேர்த்தே தருகிறார்கள். பெரிய மையம் தொலைவு என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையில் உள்ள இணைப்பு மையத்தில் வாங்கலாம். வேறு மாவட்டத்துக்குப் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

வழியில்லாதது வேறொன்று. பட்டியில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் படுப்பார்கள். ராத்திரி டப்பாவைத் திறந்தால் சத்தம் கேட்கும். "அதென்ன மாத்தரடா?" என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து டப்பாவைக் கிளுவை வேலிக்குள் செருகி வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுக்கப் போனால் வெயிலில் வெந்து கிடக்கும். சர்க்கரை மாத்திரை என்று சொல்லித் தப்பிப்பவர்களும், லேபிளைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தாராபுரத்தில் வாங்கினால் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று கோயமுத்தூர் வரைக்கும் பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் கூலியும் போகும், அன்றைக்கு ஆட்டைப் பார்க்க ஆளும் தேட வேண்டும். சில மாதத்தில் ஓய்ந்துபோய் விட்டுவிடுவார்கள். விட்டால் கிருமி மறுபடி பெருகும். துணைக்குப் பரவும் நிலையும் திரும்பி வரும்.

ஊர் ஒதுக்குவது நோயைத் தள்ளி நிறுத்தும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். ஒதுக்குவார்கள் என்ற பயம்தான் மாத்திரையை வேலிக்குள் ஒளிக்க வைக்கிறது; ஒளித்த மாத்திரைதான் தவறிப்போகிறது. பட்டியில் கூடப் படுப்பவர் "மாத்தர சாப்பிட்டியாப்பா?" என்று சாதாரணமாகக் கேட்கும் நிலை வந்தால், அது ஒரு டாக்டர் செய்வதற்குச் சமமான வேலை.

நடைமுறைக்கு: மாத்திரையைப் பட்டி அடைக்கும் வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலை ஒரு நாளும் தவறாது. டப்பாவை இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத பையில், துணியோடு வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளைக்கு நெருங்கிவிட்டது என்றால் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

இது லாரிக்காரங்க, ரிக்கு வண்டிக்காரங்க கொண்டாந்த நோவுதானுங்களே?

நாமக்கல், சங்ககிரி லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகளும் நாடு முழுக்கப் போய்வந்தன. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்த ஆண்கள் வழியாகக் கொங்கு மாவட்டங்களுக்கு எச்.ஐ.வி. வந்தது உண்மை, நாமக்கல் மாவட்டம் அந்தக் காலத்தில் அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. ஆனால் அவர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதால் இன்றைக்கு யாருக்கு என்ன லாபம்?

நஷ்டம் நிச்சயம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த ரத்தம் அது. அன்றிலிருந்தே "இது அவங்க நோவு" என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. முதலில் அந்தப் பெண்கள், பிறகு லாரிக்காரர், பிறகு திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போன பையன். தனக்கும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் சோதனைக்குப் போகவில்லை. சொந்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை விட்டு வெளியூர் போகாத ஒரு பெண்ணுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரியவரும்போது வீடே இடிந்துபோகிறது. அவள் செய்த ஒரே காரியம் கல்யாணம் கட்டிக்கொண்டது.

மகன் போயிட்டான். மருமவளுக்கும் அது இருக்குது. அவளை அவ அப்பன் ஊட்டுக்கே அனுப்பிரலாமான்னு பங்காளிக கேக்கறாங்க.

முதலில் நடந்ததை நேராகச் சொல்ல வேண்டும்: பெரும்பாலும் கணவனிடமிருந்துதான் மனைவிக்கு வந்திருக்கும். ஆனால் "இவ வந்த ராசி" என்று பேச்சு அவள் பக்கமே திரும்பும். கணவன் படுத்த படுக்கையாக இருந்தபோது மலஜலம் எடுத்தவளும் அவள்தான். மாமியார், மச்சாண்டார், கொழுந்தனார் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும்போது அவளை யாரும் கேட்பதில்லை. அழுதுகொண்டே மூட்டை கட்டுவாள். ஆட்டுக்குட்டிகளைப் பிடித்துக் கொடுப்பதோடு கணக்கு முடிந்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டாகக் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை அது கொடுக்கிறது; எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. சொத்து விஷயத்தில், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் பங்குக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல்நிலை வாரிசுகள். நோயைக் காரணம் காட்டி எவருக்கும் வாரிசுரிமையை மறுக்கக்கூடாது என்று அந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. நோயைச் சாக்காக வைத்துக் காட்டைத் தங்கள் பக்கம் எழுதிக்கொள்ளப் பார்க்கும் பங்காளிகளுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும்.

கேட்ட அம்மாவுக்கு என் பதில்: உங்கள் மகன் விட்டுப்போன குடும்பம் அவளும் பேரப்பிள்ளைகளும்தான். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எடுத்தால் அவள் பல்லாண்டு உங்களோடு மாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

தனி டம்ளர், தனித் தட்டம் வைக்கறது ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க.

எந்தப் பாதுகாப்பும் இல்லை. எச்சிலால் பரவாது என்பதை மேலே சொல்லியாகிவிட்டது. தனி டம்ளர் என்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து வேலைக்கு வந்த அருந்ததியர்களுக்குக் கொட்டாங்குச்சியிலும் தனி டம்ளரிலும் ஊற்றிய ஊர்கள் இவை, சில இடங்களில் அது இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒருவரைக் கீழே வைக்க ஏற்கெனவே கையில் இருந்த வழியை, எச்.ஐ.வி. வந்தபோது எடுத்து நீட்டினோம். பண்ணையத்தில் ஆள்காரராக இருப்பவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் அவமானம் இரண்டு மடங்காகிறது; வேலை போகும் பயமும் அவருக்குத்தான் அதிகம். எச்.ஐ.வி.க்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதும் அதே 2017 சட்டப்படி தவறு.

வயித்துல குழந்தை இருக்குது. அதுக்கும் வந்துருமா?

சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குப் போகலாம். தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே குறைந்துவிடும். கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்வது அதற்காகத்தான். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை; 18 மாதத்தில் கடைசியாக உறுதிசெய்வார்கள். இடையில் அங்கன்வாடியில் மற்ற குழந்தைகளோடு விளையாடட்டும், சாப்பிடட்டும். பள்ளியில் சேர்க்க மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

யாருக்கு இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தானே நாங்க சூதானமா இருக்க முடியும்?

தெரிந்தவர்களைப் பார்த்து ஒதுங்கினால் போதும் என்ற எண்ணமே ஆபத்தானது. தனக்கு இருப்பது தெரியாமல், மருந்தும் எடுக்காமல் இருப்பவரிடமிருந்துதான் பரவும் வாய்ப்பு அதிகம். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. மருந்து எடுத்து ஒழுங்காக இருப்பவரின் பெயரைத்தான் ஊர் தேடிப் பிடிக்கிறது.

சட்டப்படியும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவரைச் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. செவிலியராக இருந்தாலும், ஊர்த் தலைவராக இருந்தாலும், உங்கள் சொந்தபந்தம் ஒறம்பரையாக இருந்தாலும் அதுதான். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மேல் வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். வாட்ஸ்அப் குழுவில் பேர் போட்டுப் பரப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். சூதானம் வேண்டும் என்றால் ஆணுறை பயன்படுத்துங்கள். நீங்களும் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எழவுக்குப் போகலாமா? மேளக்காரங்க வரமாட்டேங்கறாங்க, குழி வெட்டவும் ஆள் இல்லை.

போங்கள். தொட்டுத் தூக்குங்கள். குளிப்பாட்டும்போது ரத்தக்கசிவு இருந்தால் கையுறை போடுங்கள்; எந்தச் சாவுக்கும் அதுதான் முறை. கிணறு, குளம், சாலை, கடை போலவே சுடுகாட்டையும் இறுதிச் சடங்கையும் பெயர் சொல்லியே 2017 எச்.ஐ.வி. சட்டம் குறிப்பிடுகிறது, எச்.ஐ.வி.க்காக இவற்றை மறுக்கக்கூடாது.

நோம்பிக்கு அலகு குத்தறோம், பச்சை குத்தறோம்.

ஒருவருக்குக் குத்தியதை அப்படியே மற்றவருக்குக் குத்தாதீர்கள். எச்.ஐ.வி.யைவிட மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இந்த வழியாக எளிதாகப் பரவும். சவரக்கடையிலும் புது பிளேடு கேளுங்கள்.

நாட்டு மருந்துல முழுசாக் குணமாகுதுன்னு விளம்பரம் வருதே?

நம்பாதீர்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக்கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடை செய்கிறது. பசியெடுக்க, வயிறு சரியாக என்று வைத்தியரிடம் எதையாவது வாங்கினால் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ஏ.ஆர்.டி.யை மட்டும் நிறுத்தாதீர்கள். யாரும் பார்க்காமல் வாங்கலாம் என்பதற்காகவே பலர் இந்த விளம்பரங்களின் பின்னால் போகிறார்கள். ஆட்டை விற்ற காசு அங்கே போய்விடுகிறது.

ஊர்ல நாலு பேரு மதிக்கற ஆளுக நாங்க. எங்களால என்ன பண்ண முடியும்?

நிறைய. கூட்டம் போட்டு, மைக் வைத்துப் பேசுவதால் அதிகம் மாறுவதில்லை என்பது என் அனுபவம். நாலு பேர் பார்க்கும்படி ஒரு காரியம் செய்தால் மாறுகிறது. பட்டிப்பொங்கலுக்கு எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டாரையும் கூப்பிட்டு, அவர்கள் வைத்த பொங்கலை வாங்கிச் சாப்பிடுங்கள். கல்யாணம் நடத்தும் அருமைக்காரர் அந்த வீட்டுக்கும் பத்திரிகை வைக்கச் சொன்னால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. பால் சொசைட்டிச் செயலாளர் அந்தப் பாலை மற்றவர் பாலோடு சேர்த்தே ஊற்றட்டும். பண்ணையக்காரர் ஆள்காரருக்கு மருந்து வாங்கும் நாளில் கூலி பிடிக்காமல் விடட்டும். எச்.ஐ.வி. உள்ளவரிடம் "எப்படி வந்துச்சு?" என்று கேட்காமல் இருப்பதும் ஒரு காரியம்தான், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அவர்கள் சம்மதமில்லாமல் இதையெல்லாம் எச்.ஐ.வி.க்காகச் செய்வதாக வெளியே சொல்லிவிடாதீர்கள். நல்லது செய்யப் போய் பேரை வெளியிட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

எங்க போய்ச் சோதிக்கறது? யாரைக் கேக்கறது?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதிப்பார்கள். ஆலோசகர் தனியாகப் பேசுவார். சந்தேகப்படும் சம்பவம் சமீபத்தில்தான் நடந்தது என்றால், இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

போனில் கேட்க 1097. கட்டணம் இல்லை, பேர் சொல்லாமலே பேசலாம். வீட்டை விட்டு அனுப்பினாலோ, வேலையை விட்டு நிறுத்தினாலோ, சொத்தில் பங்கு மறுத்தாலோ சட்ட உதவிக்கு 15100. தாராபுரம், காங்கேயம் நீதிமன்றங்களிலும் சட்டப் பணிகள் குழுவை நேரில் பார்க்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.